மூணு கோட்டுக் கறுப்பு

நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கற்பூரம் காட்டியாயிற்று. குங்குமம் கொட்டிய பூசணிக்காயை முனிராஜ் காருக்கு மூன்று சுற்றுச் சுற்றிச் சந்து முனையில் போட்டு உடைத்ததில் எதிர்வீட்டுச் சுவரெல்லாம் சிவப்பு. இனி மிச்சம் ஒன்றே ஒன்றுதான். வண்டியைக் கிளப்பி, எலுமிச்சம்பழம் நசுங்க ஓரடி முன்னால் விட்டால் ஆயுத பூசை முடிந்தது, இலை போட்டுவிடலாம்.

முனிராஜ் வேட்டி கசங்காமல் அம்பாசடருக்குள் ஏறி உட்கார்ந்தான். மைசூர் மண்டி மொஹல்லாவின் அந்தச் சந்து முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாமியைக் கும்பிட்டுச் சாவியைத் திருகினான்.

டக் என்றது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மறுபடி திருகினான். மறுபடி டக். நாலாவது தடவையில் எதிர்வீட்டம்மா, "பூசணிக்காய் சரியா ஒடையலையோ என்னமோ" என்று கன்னடத்தில் சொன்னாள். முனிராஜின் மனைவி சுலோசனாவுக்குப் பூசணிக்காயைப் பற்றிக் கவலையில்லை. நாளைக் காலையைப் பற்றித்தான் கவலை.

நாளை விஜயதசமி. நாளைக்குத்தான் கௌதள்ளிக்குப் போய் மனிஷாவைப் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். ஒரே பெண். தங்கள் சொந்த ஊரான அங்கேயே கவின்ராஜுக்குக் கட்டிக்கொடுத்து இரண்டு வருசம். வளைகாப்பு ஏழாம் மாதம் நடந்தது. அப்போதே கூட்டிவரலாம் என்றால் மாமனார் கணேசன், "ஒம்பதுல போகட்டுமுங்க, இப்ப என்ன அவசரம்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒன்பதாம் மாதம் நாளையோடு முடிகிறது. பத்தில் பெண்ணை வாசல் தாண்ட விடமாட்டார்கள். நாளை நல்ல நேரம் முடிகிற காலை பத்தரைக்குள் மனிஷா அந்த வீட்டிலிருந்து கிளம்பவில்லை என்றால் பிரசவம் அங்கேதான்.

அங்கே நடந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கெடாதுதான். ஆனால் சுலோசனா ஆறு மாதமாகத் தன் ஒன்றரை அறை வீட்டைத் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறாள். பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்துத் துவைத்து அடுக்கியிருக்கிறாள். கட்டிலைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு, கொசுவலை மாட்டி, பீரோவை வெளி அறைக்குத் தள்ளி, அதற்குப் பக்கத்தில் இவர்கள் இருவரும் தரையில் படுத்துப் பார்த்து, கால் நீட்ட முடிகிறதா என்றுகூடச் சோதித்தாயிற்று. தலைப்பிரசவத்தில் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ளத் தான்தான் நிற்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது, அவளுக்கு அது மூச்சு மாதிரி.

டாக்ஸி பிடிக்கலாமே என்றால் தசராவில் மைசூரில் டாக்ஸி கிடைப்பது சாமி வரம் கிடைப்பதற்குச் சமம். அதுவும் போக, "என் புள்ள என் வண்டியில வருவா" என்று முனிராஜ் சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

முனிராஜ் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். இருபத்தாறு வருசத் தொழில். அவன் அடித்துத் தேய்த்துவிட்ட கதவில் பார்த்து மீசை ஒதுக்கிக்கொள்ளலாம், அத்தனை சுத்தம். ஆனால் இத்தனை வருசம் ஷெட்டுகளில் புழங்கியதால் எஞ்சினும் தனக்குத் தெரியும் என்று ஒரு எண்ணம் அவனுக்கு. கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவன் மந்திரமும் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிற மாதிரி. இந்த அம்பாசடர் ஒரு வக்கீல் வீட்டு ஷெட்டில் கோழி அடைந்து கிடந்தது. அதை எடுத்துவந்து தட்டி நிமிர்த்தி வெள்ளை அடித்து வைத்திருந்தான். வருசா வருசம் ஆயுத பூசைக்கு எங்காவது ஒரு இடத்தில் புதுப் பெயின்ட் வைக்காமல் இருக்கமாட்டான். இந்த வருசம் பெண் ஏறப்போகிற வண்டி என்று பானெட்டுக்குள்ளேயும் விடவில்லை. கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி, தகரம் தெரிகிற இடமெல்லாம் பிரைமர் கொடுத்து, மூணு கோட்டுக் கறுப்பு அடித்து, மேலே பளபளப்புக்கு லாக்கரும் போட்டான். "காயட்டும், யாரும் தொடாதீங்க" என்று மூன்று நாள் தெருப் பிள்ளைகளை விரட்டிக்கொண்டே இருந்தான். அந்த மூன்று நாள் கழித்து இன்றைக்குத்தான் சாவியே போட்டது.

"பேட்டரிங்களா?" என்றாள் சுலோசனா.

"பேட்டரி இல்ல புள்ள. லைட்டப் பாரு, எப்பிடி எரியுது. சாவியத் திருகுனாலும் மங்கமாட்டேங்குது. பேட்டரி கெட்டிருந்தா மங்கோணும். இது எஞ்சினச் சுத்தி உடற ஸ்டார்ட்டர்தான். உள்ள பிரஷ்ஷு போயிருக்கும்."

தெருக்காரர்கள் நாலு பேர் பின்னால் கை கொடுத்தார்கள். சந்தில் இருபதடி தள்ளியதும் இரண்டாவது கியரில் விட்டான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பிவிட்டது. எலுமிச்சம்பழமும் நசுங்கிற்று, எல்லாரும் கை தட்டினார்கள். எதிர்வீட்டம்மாவுக்கும் திருப்தி.

"பாத்தியா? எஞ்சின் கல்லு மாதிரி இருக்குது. ஸ்டார்ட்டர் மட்டும்தான்" என்று சொல்லி அணைத்தான். மறுபடி திருகினான். டக்.

"அப்பிடியே தள்ளிக் கெளப்பிட்டுப் போயிரலாமுங்களா?"

"நெறமாசப் புள்ளைய உக்கார வெச்சுக்கிட்டு, ஹனூரு தாண்டிக் காட்டு ரோட்டுல நின்னுபோச்சுன்னா ஆரு தள்றது? நீயா? ஆனை வந்து தள்ளுமா?"

அப்போது பார்த்துக் கைப்பேசி அடித்தது. சம்பந்தி கணேசன்தான். முனிராஜ் ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏனுங்க சம்பந்தி, பூசையெல்லாம் ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க. ஜோரா ஆச்சுங்க."

"வண்டி நாளைக்கு வந்துருங்களா? ஏன்னா பழைய வண்டி பாருங்க. வரலீன்னாலும் ஒண்ணும் பரவால்லீங்க. புள்ள இங்கயே இருந்துட்டுப் போவுது. ஹனூரு ஆசுபத்திரில நெம்ப நல்லாப் பாக்கறாங்களாமா. நாங்க என்ன அந்நியமுங்களா?"

"அதெல்லாம் வந்துரும்ங்க. வண்டி ரெடியா நிக்குது. ஒம்பது மணிக்கு உங்க வாசல்ல இருப்போம்."

போனை வைத்ததும் சுலோசனா அவனை ஒரு பார்வை பார்த்தாள். "ரெடியா நிக்குதுங்களா?"

"ரெண்டு போல்ட்டு. கழட்டுனா முடிஞ்சுது" என்றான்.

கழற்றுவதற்கு ஸ்பானர் வேண்டுமே. அவனுடைய ஸ்பானர், திருப்புளி, ஸ்ப்ரே கன், கம்ப்ரெசர் எல்லாம் விபூதிப் பட்டையும் குங்குமமுமாக சாமி படத்துக்கு முன்னால் வரிசையாகப் படுத்திருந்தன. நாளைக் காலையில் தீபம் காட்டி நகர்த்தி வைக்கிற வரைக்கும் அவற்றைத் தொடக்கூடாது. அதில் முனிராஜ் கண்டிப்பானவன். ஒரு வருசம் அவசரத்துக்கு ஒரு திருப்புளியை எடுத்துவிட்டு, அந்த வருசம் பூராவும் பெயின்ட் பொங்கிப் பொங்கி உரிந்ததாக அவன் நம்புகிறான்.

சுலோசனா நயாஸுக்குப் போன் பண்ணினாள். நாலு கடை தள்ளி வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிற கடை அவனுடையது. கோயம்புத்தூரில் ஏழு வருசம் வேலை செய்துவிட்டு வந்ததால் தமிழ் பேசுவான். பூசையன்று யாரும் வேலைக்கு வண்டி விடமாட்டார்கள் என்று அவன் கடையைச் சாத்திவிட்டு பன்னிமண்டபத்தில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தான்.

"அக்கா, நான் நாலு மணிக்கு வர்றேன். அண்ணனை ஒண்ணும் கழட்ட வேண்டாம்னு சொல்லுங்க. சும்னே... சும்மா இருக்கச் சொல்லுங்க. டூல்ஸ் வேணும்னா பக்கத்துக் கடையில சாவி இருக்கு."

இந்தப் பேச்சில் கடைசி வாக்கியம் மட்டும்தான் முனிராஜ் காதில் விழுந்தது.

வேட்டியை அவிழ்த்துப் பழைய லுங்கி கட்டிக்கொண்டான். நயாஸின் ஸ்பானர் பெட்டி வந்தது. முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினான், அதில் குறை சொல்ல முடியாது. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்துக்கு அண்டையாகக் கட்டை வைத்து, கோணிச் சாக்கை விரித்து மல்லாக்க உள்ளே போனான். ஸ்டார்ட்டரைப் பிடித்திருக்கிற மேல் போல்ட் கண்ணுக்குத் தெரியும். கீழ் போல்ட் தெரியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுலோசனா காருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவன் கேட்கிற சாமானை எடுத்துக் கொடுத்தாள்.

"பதினாறு குடு."

கொடுத்தாள்.

"இது பதினேழு."

"பதினாறுன்னுதான் எழுதிருக்குதுங்க."

"அப்ப பதினேழு குடு."

மேல் போல்ட் சுலபமாக வந்தது. கீழ் போல்ட் அரை மணி நேரம் பிடிவாதம் பிடித்தது. வழுக்கிய ஸ்பானர் கை முட்டியைப் பெயர்த்ததும் உள்ளேயிருந்து வந்த வார்த்தைகளைப் பண்டிகை நாள் என்றும் பார்க்காமல் தெரு கேட்டுக்கொண்டது. சுலோசனா மஞ்சளை எடுத்துவந்து காயத்தில் அப்பினாள். கிரீஸும் மஞ்சளும் சேர்ந்து கை ஒரு தினுசான நிறத்துக்கு வந்தது. கடைசியில் போல்ட் ஒரு கிரீச்சலோடு இளகிற்று.

"புடி, புடி, விட்றாத. கனமா இருக்கும்."

ஏழெட்டுக் கிலோ இரும்பு அவள் இரண்டு கைக்குள் இறங்கியது. புடவை போயிற்று. தசராவுக்கு எடுத்த புடவை அது.

"சாப்புட்டுட்டுப் பாக்கலாமுங்க. ஒப்பிட்டு ஆறிப்போச்சு."

"நீ சாப்புடு."

"நீங்க சாப்புடாம நான் என்னிக்குச் சாப்புட்டேன்?" என்றாள். அது உண்மையில்லை, பல நாள் சாப்பிட்டிருக்கிறாள். ஆனால் இன்றைக்குச் சாப்பாடு இறங்காது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து, அழுக்குக் கையோடு, ஆளுக்கு ஒரு ஒப்பிட்டை நெய்கூட ஊற்றாமல் மென்றார்கள். பருப்புப் பூரணத்தில் ஏலக்காய் நன்றாக விழுந்திருந்தது. அந்தக் கவலைக்கு நடுவிலும் முனிராஜ், "நல்லா வந்திருக்குது" என்றான். அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

பிறகு ஸ்டார்ட்டரைத் தரையில் வைத்துச் செருப்புக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இரண்டை எடுத்தான். ஒன்றை முனையில் மாட்டி, இன்னொன்றை அதன் உடம்பில் தொட்டான்.

படீரென்று பொறி பறந்தது. ஸ்டார்ட்டர் துள்ளி, கிர்ரென்று சுற்றியது. ஜோராகச் சுற்றியது. அவன் கால் நழுவி இரண்டடி பின்னால் போனான்.

"சுத்துதுங்களே" என்றாள் சுலோசனா.

"சுத்துது."

"அப்ப இது நல்லாத்தான இருக்குது?"

முனிராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நல்லா இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால், இத்தனை நேரம் மல்லாந்து கிடந்தது எதற்கு என்று ஆகிவிடும். "வெறுமனே சுத்தும். எஞ்சினத் தூக்கிச் சுத்தறதுக்குத் தெம்பு இருக்காது. உள்ள கார்பன் புடிச்சிருக்கும்" என்று மூடியைத் திறந்தான். பிரஷ்ஷெல்லாம் புதுசு மாதிரி இருந்தது. இருந்தாலும் பெட்ரோல் விட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து மூடினான். தேய்ப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

அதற்குள் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. அக்டோபர் மழைக்குப் பண்டிகையாவது ஒன்றாவது. மூன்று மணிக்குச் சடசடவென்று பிடித்துக்கொண்டது. காருக்குக் கட்டிய வாழைக்கன்றுகள் தலைகவிழ்ந்தன, செவ்வந்தி மாலை நனைந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. சுலோசனா தார்ப்பாயின் ஒரு முனையைக் கம்பியில் கட்டி மறுமுனையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். அதற்குக் கீழே முனிராஜ் ஸ்டார்ட்டரைத் திரும்ப மாட்டினான். பேட்டரியை இணைத்தான். சுலோசனா சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"குடு!"

திருகினாள். டக்.

"குடு!"

டக்.

"இன்னொருக்கா, நல்லா அழுத்திக் குடு!"

"சாவிய எப்பிடிங்க அழுத்திக் குடுக்கறது?" என்றவள் சட்டென்று கையை உதறினாள். டேஷ்போர்டில், குளிரில் வண்டி கிளப்ப இழுக்கிற சோக் குமிழில் அவள் விரல் பட்டிருந்தது. "ஏனுங்க, இது சுடுதுங்க."

"எது?"

"இந்தச் சோக்குக் குமுழு. காத்தால உள்ள கைய உட்டப்பவும் சுட்டுது, வெயில்ல நின்ன வண்டின்னு விட்டுட்டேன். இப்ப மழையில்ல பெய்யுது? இப்பவும் சுடுது. ரப்பர் கருகுன வாசமும் வருது."

"ஸ்டார்ட்டர் வேல செய்யலீன்னு நானு மண்டைய ஒடச்சுக்கிட்டு இருக்கறேன். நீ குமுழு சுடுது, கைப்புடி குளுருதுங்கற. பேசாம உக்காரு."

அவள் பேசாமல்தான் உட்கார்ந்தாள். ஆனால் அப்போதுதான் மனிஷா போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன். அந்தப் பச்ச ஸ்வெட்டர் எடுத்துட்டு வரட்டுமா, பேடவா?" வேண்டாமா என்பது அவள் வாயில் கன்னடத்தில்தான் வரும்.

"எடுத்துட்டு வா கண்ணு" என்று சொல்ல வாயெடுத்த சுலோசனாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. வண்டி கிளம்பவில்லை என்றாள். காலையிலிருந்து இப்படித்தான் என்றாள். உங்கப்பா சொன்னது பொய் என்றாள்.

"பரவால்லம்மா. நீ அழுவாத" என்று மனிஷா சொன்னாள். அந்தப் பரவாயில்லைதான் சுலோசனாவைப் போட்டுத் தாக்கிவிட்டது.

இறங்கி மழையில் நின்றாள். "இங்க பாருங்க. உங்க ஸ்டார்ட்டர் எனக்கு வேண்டாம். உங்க வண்டி வேண்டாம். சம்பந்திகிட்ட உங்க வாய்ப்பேச்சும் வேண்டாம். எனக்கு என்ற புள்ள வேணும். நாளைக்கு அவ இந்த வாசல்ல வந்து எறங்கோணும். அதுக்கு நீங்க ஆரு கால்ல விழுவோணுமோ விழுங்க. நயாஸு வர்ற வரைக்கும் அதுல கை வெச்சீங்கன்னா நடந்தே கௌதள்ளிக்குப் போயிருவேன்."

முனிராஜ் ஸ்பானரைப் பெட்டிக்குள் வைத்தான்.

நயாஸ் சொன்னபடி நாலு மணிக்கு வந்தான். பண்டிகை நாளென்று அவனும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கிரீஸில் தோய்ந்து நிற்கிற இரண்டு பேரையும் பார்த்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

"கழட்டிட்டீங்களாண்ணா?"

"கழட்டி மாட்டிட்டேன்" என்றான் முனிராஜ்.

"என்ன கண்டுபிடிச்சீங்க?"

சுலோசனாதான் சொன்னாள். லைட் மங்கவில்லை, தள்ளினால் கிளம்புகிறது, ஸ்டார்ட்டர் தரையில் சுற்றுகிறது, வண்டியில் சுற்றவில்லை. எல்லாம் சொல்லிவிட்டு, "இன்னொண்ணு சாமி. சோக்குக் குமுழு சுடுது. இவரு அதக் காதுலயே போட்டுக்கமாட்டேங்கறாரு" என்றாள்.

நயாஸ் நிமிர்ந்தான். "சோக்கா சுடுது?"

"ஆமா. தொட்டுப் பாரு."

"அக்கா, இத மொதல்ல சொல்லிருந்தா நான் மாமியார் வீட்டுலயே உக்காந்து போன்ல ரிப்பேர் பண்ணிருப்பேன்" என்று சிரித்தான். கடைக்குப் போய் ஒரு ஜம்பர் கேபிளை எடுத்துவந்தான். ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் கவ்வவிட்டான். மறுமுனையை எஞ்சினில் பெயின்ட் படாத ஒரு போல்ட்டைத் தேடி மாட்டினான். "இப்பக் குடுங்க அக்கா."

சுலோசனா திருகினாள்.

அம்பாசடர் ஒரே உறுமலில் கிளம்பியது. அவள் பயந்துபோய்ச் சாவியை விட்டுவிட்டாள். எஞ்சின் நிற்காமல் ஓடியது. அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த ஆட்டம் நெற்றி வழியாக உடம்பெல்லாம் இறங்குவது நன்றாக இருந்தது.

நயாஸ் எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டுக் குனிந்தான். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே செம்புக் கம்பியைப் பின்னின ஒரு பட்டை போகும். பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போன கரண்ட் திரும்பி வருகிற வழி அது, எர்த் பட்டை என்பார்கள். நயாஸ் அதைக் கழற்றினான். பட்டைக்கு அடியில், அது உட்கார வேண்டிய தகரத்தில், பிரைமரும் மூணு கோட்டுக் கறுப்பும் லாக்கரும் பளபளவென்று மின்னின. பட்டையின் இரண்டு முனைக்கும் கறுப்பு. மாட்டுகிற போல்ட்டுக்கும் கறுப்பு. நகத்தால் சுரண்டிப் பார்த்தான், கீறல்கூட விழவில்லை.

"அண்ணா, இதுக்கும் பெயின்ட் அடிச்சீங்களா?"

"துரு புடிச்சிருந்துச்சு" என்றான் முனிராஜ். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மைசூர்ல உங்களவிட நல்லா பெயின்ட் அடிக்கிறவன் கிடையாதுண்ணா. கரண்டுக்குக்கூட உள்ள போறதுக்கு எடம் விடல. அது பாவம், வேற வழியில்லாம எஞ்சின்லேருந்து டேஷ்போர்டுக்கு வர்ற சோக் ஒயர் வழியா திரும்பப் பாத்திருக்கு. அவ்ளோ சின்ன ஒயர், சுடாம என்ன பண்ணும்?"

சுலோசனாவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் புடவைத் தலைப்பில் அடக்கிக்கொண்டாள். முனிராஜ் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். நயாஸ் செய்கிறேன் என்றதற்கு வேண்டாமென்று கையமர்த்தினான். தான் அடித்த பெயின்டைத் தானே சுரண்டினான். ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளைத் தகரம் தெரிகிற வரைக்கும், பட்டையின் செம்பு சிவக்கிற வரைக்கும் தேய்த்தான். தேய்த்து முடித்துத் தலையை நிமிர்த்தாமலே, "நீ அப்பவே சொன்ன. நாந்தேன் கேக்கல" என்றான். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் சுலோசனா அந்த மாதிரி ஒரு வாக்கியத்தை அவன் வாயிலிருந்து கேட்டதில்லை. நயாஸுக்கு இலை போட்டு ஒப்பிட்டின் மேல் நெய்யைக் குளம்போல ஊற்றினாள்.

விடிகாலையில் தீபம் காட்டி ஆயுதங்களை நகர்த்தி வைத்துவிட்டு, ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். தொட்டதும் கிளம்பியது வண்டி. அன்றைக்கு அரண்மனைப் பக்கம் யானை ஊர்வலம். அதற்குள் ஊரைத் தாண்டிவிட வேண்டும் என்று பன்னூர் ரோட்டைப் பிடித்தார்கள். நரசிபுரத்தில் ஆற்றின் மேல் புகை மாதிரிப் பனி. கொள்ளேகாலம் தாண்டியதும் வெயில் ஏறிற்று. ஹனூருக்கு அப்பால் தார் ரோட்டின் பாதியை மறித்து மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள், மிச்சப் பாதியில் வண்டிகள் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. இரண்டு பக்கமும் ராகி இடுப்பளவு நின்றது. வழியில் முனிராஜ் ஒரு தடவைகூட வண்டியை அணைக்கவில்லை. சுலோசனாவும் அணைக்கச் சொல்லவில்லை.

ஒன்பதுக்குப் பத்து நிமிசம் இருக்கும்போது கணேசன் வீட்டு வாசலில் நின்றார்கள். மனிஷா முன்னால் வயிறும் பின்னால் அவளுமாக வந்து அம்மாவின் தோளில் சாய்ந்தாள். சம்பந்தியம்மா பாப்பாத்தி ஆரத்திக்குத் தண்ணீர் கரைத்துக்கொண்டிருந்தாள். கவின்ராஜ் பைகளைத் தூக்கிவந்து டிக்கியில் வைத்தான். எல்லாரும் இருந்தார்கள். கணேசனை மட்டும் காணவில்லை.

சுலோசனாவுக்கு உள்ளூர எரிந்தது. வண்டி வராது என்று அபசகுனமாகப் பேசிய மனுசன், வந்ததும் முகம் கொடுக்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். களியும் கொள்ளுக் கடைசலும் சாப்பிட்டு எழுந்தபோதுதான் அவர் மாட்டுக் கொட்டகைப் பக்கமிருந்து வந்தார். கண் சிவந்திருந்தது.

"வாங்க சம்பந்தி. வண்டிக்கு என்னமோ ஆச்சுன்னு புள்ள சொல்லுச்சுங்களே?"

சுலோசனா தரையைப் பார்த்தாள். முனிராஜ் என்ன கதை கட்டுவானோ கட்டட்டும், தான் காட்டிக்கொடுப்பதில்லை என்று நேற்றே முடிவு பண்ணியிருந்தாள்.

முனிராஜ் கையைத் துண்டில் துடைத்தான். துடைத்த கையை மறுபடி துடைத்தான். "வண்டிக்கு ஒண்ணும் ஆகலீங்க. எனக்குத்தானுங்க ஆச்சு. பெயின்ட் அடிக்கக்கூடாத எடத்துல அடிச்சுப்போட்டேன். நாளெல்லாம் ஸ்டார்ட்டரக் குத்தஞ்சொல்லிக் கழட்டி மாட்டிக்கிட்டிருந்தேன். உங்ககிட்ட போன்ல ரெடியா நிக்குதுன்னு பொய்யுஞ் சொன்னேன். இவதான் கண்டுபுடிச்சா."

கணேசன் சிரிப்பார் என்று சுலோசனா எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க உள்ளதச் சொல்லிப்போட்டீங்க. நானும் சொல்லிர்றேனுங்க. வண்டி கெளம்பலீன்னு நேத்துப் புள்ள அழுதுக்கிட்டே சொன்னப்ப, எனக்குச் சந்தோசமாப் போச்சுங்க. நாளைக்கும் கெளம்பாம இருக்கட்டும்னு சாமியக் கும்புட்டேனுங்க."

"அய்யோ, என்ன பேச்சு இது" என்றாள் பாப்பாத்தி.

"நெசத்தத்தான சொல்றேன். ரெண்டு வருசமா காத்தால எந்திரிச்சா, 'மாமா, காப்பி'ன்னு இந்தப் புள்ள கொரலுதானுங்க எனக்குக் கேக்கோணும். எனக்குப் பொட்டப்புள்ள இல்லீங்க சம்பந்தியம்மா. மூணு மாசம் இவ இல்லாத ஊட்டுல நானு என்ன பண்றது? அதுக்குத்தேன் ஹனூரு ஆசுபத்திரி, அது இதுன்னு ஒளறிக்கிட்டிருந்தேன். தப்புத்தானுங்க."

காலையிலிருந்து அந்த மனுசனைப் பற்றி மனசுக்குள் நினைத்ததையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று சுலோசனாவுக்குத் தெரியவில்லை. தன் பெண் இந்த வீட்டில் இத்தனை பிரியத்தில் இருந்திருக்கிறாளே என்று ஒரு பக்கம் நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"நேரமாச்சுங்க" என்றான் கவின்ராஜ். மணி பத்தேகால்.

ஆரத்தி எடுத்தார்கள். மனிஷாவைப் பின்சீட்டில் தலையணை வைத்து உட்கார்த்தி, சுலோசனா பக்கத்தில் ஏறிக்கொண்டாள். முனிராஜ் சாவியைத் திருகியதும் வண்டி கிளம்பியது. யாரும் எதிர்பாராதபடி கணேசன் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"ஊரு எல்ல வரைக்கும் வந்து உட்டுட்டு வர்றேன்" என்று பாப்பாத்தியிடம் சொன்னார். இடுப்பில் அழுக்கு வேட்டி, தோளில் மாட்டுக் கொட்டகைத் துண்டு.

ஊர் எல்லை வந்தது. முனிராஜ் வேகத்தைக் குறைத்துப் பக்கவாட்டில் பார்த்தான். கணேசன் ராகிக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முனிராஜ் கண்ணாடி வழியாகச் சுலோசனாவைப் பார்த்தான். போங்க என்று அவள் கண்ணால் சொன்னாள். மக்காச்சோளம் காய்கிற ரோடு வந்தது, போயிற்று. ஹனூரும் போயிற்று. மனிஷா அம்மாவின் மடியில் கையை வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். கொள்ளேகாலத்தில் டீக்கு நிறுத்தினார்கள். முனிராஜ் எஞ்சினை அணைத்தான். கணேசன் டீயைக் குடித்துவிட்டு மறுபேச்சுப் பேசாமல் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

நரசிபுரத்துப் பாலத்தில் ஏறும்போதுதான் தொண்டையைச் செருமினார். பின்னால் திரும்பாமலே கேட்டார்.

"சம்பந்தியம்மா, உங்க ஊட்டுல எனக்கு மாத்திக்க ஒரு வேட்டி கெடைக்குமுங்களா?"

மனிஷா முழித்துக்கொண்டு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கெடைக்கும்ங்க" என்றாள் சுலோசனா. வெளி அறையில் பீரோவுக்குப் பக்கத்தில் மூன்று பேர் கால் நீட்ட முடியுமா என்று அவள் அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்.